"விமானி தவறு" என்று முடித்துவிடலாமா? - 22 வருடம் தாமதமாக வந்த 'ஹாக்' பயிற்சி விமானத்தின் கதை!

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. கடற்கரை முழுக்கத் தலைகள். வெயில், நெரிசல், தண்ணீர்த் தவிப்பு என ஐந்து உயிர்கள் போன துயரத்தோடுதான் அந்த நாள் இன்று நம் நினைவில் இருக்கிறது. ஆனால், அன்று மணலில் நின்று அண்ணாந்து பார்த்த குழந்தைகள் ஒவ்வொருவரும் விரல் நீட்டிக் கத்தியது ஒரு காட்சிக்குத்தான். சிவப்பும் வெள்ளையுமாகக் குட்டிக் குட்டி ஜெட் விமானங்கள் அம்பு போல வரிசை கட்டி வந்து, இறக்கையோடு இறக்கை உரசிவிடுமோ என்ற நெருக்கத்தில் வளைந்து போன 'சூர்ய கிரண்' குழுவின் காட்சி.

அந்த விமானத்தின் பெயர் ஹாக். தமிழில் சொன்னால் பருந்து வகைப் பறவை. அன்று சாகசத்துக்காகப் பறந்தாலும், அதன் உண்மையான வேலை அது இல்லை. அது ஒரு வாத்தியார். நம் நாட்டின் போர் விமானிகளை உருவாக்கும் 'அட்வான்ஸ்டு ஜெட் ட்ரெய்னர்'. சுருக்கமாக ஏ.ஜே.டி. தமிழில் 'உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம்' எனலாம்.

இந்த வாத்தியார் நம் விமானப்படைக்கு வேண்டும் என்று ஒரு கமிட்டி பரிந்துரைத்த ஆண்டு 1982. ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு 2004. இடைப்பட்ட 22 வருடங்களில் என்ன நடந்தது? அந்தக் கேள்வியின் பதிலில் சில தாய்மார்களின் கண்ணீரும் இருக்கிறது.

குரங்கு பெடலில் இருந்து கொண்டை ஊசி வளைவுக்கு!

முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகம். விமானம் ஓட்டத் தெரிந்தவருக்கு, போர் விமானம் ஓட்ட எதற்குத் தனியாக ஒரு பயிற்சி விமானம்?

நாம் சைக்கிள் கற்றுக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். முதலில் குரங்கு பெடல். பிறகு சீட்டில் ஏறி உட்காருவோம். அப்புறம் டபுள்ஸ். அதன் பின் ஸ்கூட்டி, பைக், கார். ஒவ்வொரு படியிலும் கையும் கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகின்றன. ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய ஒருவரிடம் நேராக ஒரு லோடு லாரியின் சாவியைக் கொடுத்து, "இதைக் கொல்லிமலையில் ஏற்றி இறக்கிக் கொண்டு வா" என்றால் எப்படி இருக்கும்? சிலர் கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால், எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியுமா?

நம் விமானப்படையில் பல வருடங்கள் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. இளம் விமானிகள் 'கிரண்' போன்ற வேகம் குறைந்த ஜெட் பயிற்சி விமானங்களில் கற்றுக்கொண்டார்கள். கிரணின் உச்ச வேகமே மணிக்கு 700 கிலோமீட்டருக்குள்தான். அங்கிருந்து அவர்கள் போய் உட்கார வேண்டிய இடம் மிக்-21. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும் போர் விமானம். முக்கோண வடிவ இறக்கை. தரையிறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும்.

300 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடியில் 80 மீட்டருக்கு மேல். நீங்கள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, 'ஐயோ, கொஞ்சம் தாழ்ந்துவிட்டோமோ' என்று யோசிப்பதற்குள் ஒரு தெருவையே கடந்திருப்பீர்கள்.

இன்னொரு சிக்கல் இன்ஜின். காரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி உடனே சீறும். பழைய ஜெட் இன்ஜின்கள் அப்படியல்ல. த்ராட்டிலைத் தள்ளிய பிறகு, உள்ளே இருக்கும் விசிறிகள் வேகமெடுத்து முழு உந்துவிசை கிடைக்கச் சில நொடிகள் ஆகும். தரைக்கு அருகில் அந்தச் சில நொடிகள்தான் உயிர். அதனால், போர் விமானி என்பவர் விமானம் இப்போது இருக்கும் இடத்தில் யோசிக்கக் கூடாது. இன்னும் பத்து நொடியில் இருக்கப்போகும் இடத்தில் யோசிக்க வேண்டும். இந்தப் பழக்கத்தைப் புத்தகத்தில் படித்து வாங்க முடியாது. பின் சீட்டில் ஒரு அனுபவசாலி உட்கார்ந்திருக்க, பறந்து பறந்துதான் வாங்க வேண்டும்.

அந்த இடைப்படிதான் ஏ.ஜே.டி. போர் விமானத்தின் குணம் இருக்கும். ஆனால், தப்பு செய்தால் கொஞ்சம் மன்னிக்கும்.

482 விபத்துகள்... 171 விமானிகள்!

மிக்-21, 1963-ல் நம் விமானப்படைக்கு வந்தது. நம்முடைய முதல் சூப்பர்சானிக் போர் விமானம் அதுதான். 1971 போரில் அதன் பங்கு பெரியது. 62 வருடங்கள் உழைத்துவிட்டு, 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் ஓய்வு பெற்றது. தலைமுறை தலைமுறையாக விமானிகள் நேசித்த விமானம். அதே நேரம், 'பறக்கும் சவப்பெட்டி' என்ற கொடூரமான பட்டப்பெயரையும் சுமந்த விமானம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2012-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் கொடுத்த பதில் அது. 1970-களின் தொடக்கத்திலிருந்து 2012 ஏப்ரல் வரை, மிக் ரக விமானங்கள் சந்தித்த விபத்துகள் 482. அவற்றில் உயிரிழந்த விமானிகள் 171 பேர். தரையில் இருந்த பொதுமக்கள் 39 பேரும் பலியானார்கள்.

இவ்வளவும் பயிற்சிக் குறைவால்தான் என்று சொன்னால் அது தவறு. இன்ஜின் கோளாறு, பறவை மோதல், உதிரி பாகத் தட்டுப்பாடு, விமானத்தின் வயது, பராமரிப்பு எனக் காரணங்கள் பல. ஆனால், விசாரணை அறிக்கைகளில் அடிக்கடி வந்த ஒரு வார்த்தை உண்டு. 'பைலட் எரர்'. விமானியின் தவறு.

20 சொச்சம் வயதுப் பையன் ஒருவன், படிப்படியாகப் பழக வேண்டிய வேகத்தில் ஒரே தாவலில் கொண்டுபோய் விடப்பட்டு, அங்கே அவன் தடுமாறினால், அது யாருடைய தவறு?

இந்தக் கேள்வியை விமானப்படையே தன்னிடம் கேட்டுக்கொண்டது. விபத்துகளை ஆராய அமைக்கப்பட்ட, ஏர் மார்ஷல் லா ஃபோன்டைன் தலைமையிலான கமிட்டி 1982-லேயே பதிலும் சொன்னது: நமக்கு ஒரு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் தேவை.

ஃபைல் பறக்கவில்லை!

அதற்குப் பிறகுதான் கதை இழுக்க ஆரம்பித்தது. பிரிட்டனின் ஹாக், பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து உருவாக்கிய ஆல்ஃபா ஜெட் ஆகியவை பரிசீலனைக்கு வந்தன. பிற்பாடு ரஷ்யா, செக் நாட்டு விமானங்களின் பெயர்களும் அடிபட்டன. விலை அதிகம் என்றார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. நடுவில் போஃபர்ஸ் புயல் வேறு. ராணுவத் தளவாட ஃபைலில் கையெழுத்துப் போடவே அதிகாரிகள் தயங்கிய காலம் அது. ஆட்சிகள் மாறின. பாதுகாப்பு அமைச்சர்கள் மாறினார்கள்.

இதற்கிடையே விமானப்படை சும்மா இருக்கவில்லை. மிக்-21 விமானத்திலேயே பயிற்சி கொடுக்க அஸ்ஸாமின் தேஜ்பூரில் தனிப் பிரிவு வைத்து இளம் விமானிகளைத் தயார் செய்தது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது என்பார்களே, அதுதான். ஆனால், மிக்-21 போருக்காகப் பிறந்தது. பாடம் நடத்துவதற்காகப் பிறந்தது அல்ல.

ஒரு தாய் கேட்ட கேள்வி!

2001 செப்டம்பர் 17. ராஜஸ்தானின் சூரத்கர் விமானத் தளம். இரவுப் பறத்தலுக்காக மிக்-21-ல் கிளம்பிய ஃப்ளைட் லெஃப்டினன்ட் அபிஜித் காட்கில், புறப்பட்ட சிறிது நேரத்திலேயே விபத்தில் உயிரிழந்தார். விமானியின் தவறு என்ற கோணத்தில் விசாரணை போனது.

அபிஜித்தின் அம்மா கவிதா காட்கில் அதை ஏற்கவில்லை. மகனை இழந்த தாய் அழுவார். அழுது ஓய்வார் என்றுதான் உலகம் எதிர்பார்க்கும். கவிதா காட்கில் ஓயவில்லை. மிக்-21 விமானங்களின் பாதுகாப்பு குறித்துப் பொதுவெளியில் கேள்வி எழுப்பினார். கடிதம் எழுதினார். ஊடகங்களிடம் பேசினார். மகன் பெயரில் விமானப் பாதுகாப்புக்காக ஓர் அறக்கட்டளையையும் அந்தக் குடும்பம் தொடங்கியது. அவர் பேசப்பேச, நாட்டின் பல மூலைகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் வலியும் வெளியே கேட்க ஆரம்பித்தது.

2003 ஆகஸ்ட்டில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ், அம்பாலாவில் மிக்-21 பயிற்சி விமானம் ஒன்றின் பின் சீட்டில் ஏறிப் பறந்தார். மிக் மீது மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக! ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சரே ஏறிப் பறந்து காட்ட வேண்டிய அளவுக்கு விஷயம் பெரிதாகியிருந்தது.

2006-ல் வெளியான 'ரங் தே பசந்தி' படம் நினைவிருக்கிறதா? அதில் மிக் விபத்தில் உயிரிழக்கும் விமானியாக வந்தவர் நம் மாதவன். இறந்த மகன் மீதே பழி போடப்படுவதைப் பொறுக்காமல் தெருவுக்கு வரும் தாயாக வஹீதா ரஹ்மான். கவிதா காட்கிலின் போராட்டத்தோடு அந்தக் கதையைப் பலரும் ஒப்பிட்டுப் பேசினார்கள். ரிலீஸுக்கு முன்பு, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் பிரணாப் முகர்ஜியும் படைத் தளபதிகளும் படத்தைப் பார்த்த பிறகே அது தியேட்டருக்கு வந்தது.

படம் வந்தபோது ஹாக் ஒப்பந்தம் முடிந்திருந்தது. 2003 செப்டம்பரில் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் கொடுத்தது. 2004 மார்ச் மாதம் கையெழுத்து. மொத்தம் 66 விமானங்கள். 24 விமானங்களை பிரிட்டனின் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் நிறுவனம் தயாரித்துக் கொடுக்கும். மீதி 42 விமானங்களைப் பெங்களூரு ஹெச்.ஏ.எல். உரிமம் பெற்றுத் தயாரிக்கும். விமானங்கள் வந்து சேரும்வரை காத்திருக்காமல், நம் இளம் விமானிகள் பிரிட்டனின் வேலி விமானத் தளத்துக்கு அனுப்பப்பட்டு ஹாக்கில் பயிற்சி பெற்றார்கள்.

2008 பிப்ரவரி 23. கர்நாடகாவின் பீதர் விமானத் தளத்தில் ஹாக் முறைப்படி விமானப்படையில் சேர்ந்தது. கமிட்டி சொன்ன தேதியிலிருந்து கணக்கிட்டால் 26 வருடங்கள். 1982-ல் பிறந்த குழந்தை ஒன்று வளர்ந்து, படித்து, விமானப்படையில் சேர்ந்து, மிக்-21 ஓட்டவும் தொடங்கியிருக்கக்கூடிய காலம் அது.

அப்படி என்ன இருக்கிறது ஹாக்கில்?

ஹாக் புதிய விமானம் அல்ல. 1974-லேயே முதன்முதலாகப் பறந்துவிட்டது. பிரிட்டனின் புகழ்பெற்ற சாகசக் குழுவான 'ரெட் ஆரோஸ்' பயன்படுத்துவதும் இதைத்தான். ஆனால், இந்தியா வாங்கிய 'மார்க் 132' ரகத்தில் காக்பிட் நவீனமானது.

இரண்டு சீட்டுகள். பக்கத்தில் பக்கத்தில் அல்ல, முன்னும் பின்னுமாக. மாணவர் முன்னால், பயிற்றுநர் பின்னால். பின் சீட் கொஞ்சம் உயரமாக இருக்கும். மாணவரின் தலைக்கு மேலாக ஓடுபாதையைப் பயிற்றுநர் பார்க்க முடியும். மாணவர் தடுமாறினால், பின்னால் இருந்தே கட்டுப்பாட்டைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். பழைய கிரணில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். ஹாக்கில் மாணவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. நாளைக்குத் தனியாகப் போர் விமானம் ஓட்டப்போகிறவருக்கு அந்தத் தனிமையும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

கண்ணுக்கு நேராக ஒரு கண்ணாடித் திரை. வேகம், உயரம், குறி எல்லாம் அதில் பச்சை எழுத்துகளாகத் தெரியும். தலையைக் குனிந்து மீட்டர் பார்க்க வேண்டியதில்லை. முக்கியமான பட்டன்கள் எல்லாம் இரண்டு கைகளும் பிடித்திருக்கும் கைப்பிடிகளிலேயே இருக்கும். சுகோய், தேஜஸ் போன்ற விமானங்களிலும் ஏற்பாடு இதேதான். அதனால் இங்கே பழகிய கை, அங்கே போய்த் தடுமாறாது.

அடுத்தது, ஜி-ஃபோர்ஸ். ராட்டினம் வேகமாகக் கீழே வந்து மேலே திரும்பும்போது உடம்பு சீட்டோடு அழுந்துமே, அதே விசைதான். ஆனால், பல மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 6 ஜி விசையில் திரும்பினால், அவர் உடம்பு 360 கிலோவாகக் கனக்கும். ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கும். முதலில் நிறம் மங்கும், பிறகு பார்வை சுருங்கும், அதற்கும் மேலே போனால் மயக்கம். இதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் தனி உடை உண்டு. தொடைத் தசைகளை முறுக்கி, மூச்சை அடக்கி விடும் முறையும் உண்டு. ஹாக் 8 ஜி வரை தாங்கும் விமானம். மாணவரின் உடம்பு அந்த வேதனையைப் பழகுவது இங்கேதான்.

பிறகு வேகம். ஹாக்கின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர். 900-ல் போனால்கூட நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு இரண்டே நிமிடம்! அந்த வேகத்தில், தரையை ஒட்டி, வழி தவறாமல் போக வேண்டும். கூட்டமாகப் பறக்க வேண்டும். குண்டு போடவும் துப்பாக்கியால் சுடவும் பழக வேண்டும்.

எல்லாம் கைவிட்டுப் போனால்? இரண்டு சீட்டுக்கும் அடியில் ராக்கெட். கைப்பிடியை இழுத்தால், மேலே மூடியிருக்கும் கண்ணாடி மூடியை அதில் பதித்திருக்கும் மெல்லிய வெடி இழை உடைத்துவிடும். சீட்டோடு விமானி வெளியே வீசப்படுவார். விமானம் ஓடுபாதையில் நின்றுகொண்டிருந்தால்கூட இந்த சீட் வேலை செய்யும். 2024 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் கலாய்குண்டாவில் ஒரு ஹாக் விழுந்தபோது, உள்ளே இருந்த இரண்டு பேரும் இப்படித்தான் பிழைத்தார்கள்.

ஆனால், ஹாக்கும் ஆபத்தே இல்லாத விமானம் அல்ல. 2019 பிப்ரவரியில், பெங்களூரு ஏலஹங்காவில் ஒத்திகையின்போது சூர்ய கிரண் குழுவின் இரண்டு ஹாக் விமானங்கள் நடுவானில் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். வானத்தில் யாருக்கும் உத்தரவாதம் கிடையாது. வாய்ப்பைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

தாம்பரத்தில் ஒரு வாத்தியார் பள்ளி!

இன்று போர் விமானி ஆகப்போகும் ஒருவரின் பாதை கிட்டத்தட்ட இப்படி இருக்கிறது. ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் இருக்கும் விமானப்படை அகாடமியில், ஸ்விட்சர்லாந்தின் 'பிலாட்டஸ்' விமானத்தில் முதல் கட்டம். பிறகு ஹக்கிம்பேட்டில் கிரண். அதில் தேறி, போர் விமானப் பிரிவுக்குத் தேர்வானவர்கள் பீதருக்குப் போய் ஹாக்கில் ஏறுவார்கள். அடுத்து கலாய்குண்டாவில் அதே ஹாக்கில் போர்ப் பயிற்சி. அதன் பிறகே சுகோய், தேஜஸ் போன்ற நிஜமான போர் விமானங்கள்.

மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? அதற்கான பதில் நம் ஊரில் இருக்கிறது. விமானப்படையின் பயிற்றுநர்களை உருவாக்கும் 'ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல்' 1954 முதல் தாம்பரத்தில்தான் இயங்குகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது தலைக்கு மேலே சின்ன விமானம் ஒன்று திரும்பத் திரும்ப வட்டமடித்தால், கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். வாத்தியார் ஆகப்போகிற ஒருவர் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருக்கலாம்.

நன்றாகப் பறப்பது ஒரு திறமை. பக்கத்தில் ஒருவர் தப்பு செய்வதைப் பார்த்தும், எந்த நொடிவரை பொறுக்கலாம், எந்த நொடியில் கட்டுப்பாட்டை வாங்க வேண்டும் என்று தெரிவது வேறு திறமை. சீக்கிரம் வாங்கினால் மாணவர் கற்றுக்கொள்ள மாட்டார். தாமதமாக வாங்கினால் இருவருமே இருக்க மாட்டார்கள். நம் வீட்டில் பிள்ளைக்கு ஸ்கூட்டி கற்றுக்கொடுத்த எந்த அப்பாவுக்கும் இதில் பாதியாவது புரியும்.

ஹாக்கில் ஏறிய பெண்கள்!

2016 ஜூன் 18. அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என மூன்று பெண்கள், இந்திய விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகளாக அதிகாரிகள் ஆனார்கள். அவர்கள் நேராகப் போனது பீதருக்கு. ஹாக்கில் பயிற்சி. 2018 பிப்ரவரியில் ஜாம்நகரில் அவனி தனியாக மிக்-21 ஓட்டினார். 2019-ல், ஹாக்கில் பகல் நேரப் போர்ப் பணிக்கு முழுத் தகுதி பெற்ற முதல் பெண் விமானியானார் மோகனா. பிறகு தேஜஸ் படைப்பிரிவில் சேர்ந்த முதல் பெண்ணும் அவர்தான்.

அபிஜித் தலைமுறைக்குக் கிடைக்காத ஒரு படிக்கட்டு, இந்தப் பெண்களுக்குக் கிடைத்தது.

பலன் கிடைத்ததா?

நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு 2024 டிசம்பரில் வைத்த அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. பத்தாயிரம் பறக்கும் மணி நேரத்துக்கு எத்தனை விபத்து என்பதே விமானப்படையின் அளவுகோல். 2000 முதல் 2005 வரை அது 0.93. 2020 முதல் 2024 வரை 0.20. பெரிய இறக்கம். இதற்கு ஹாக் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மிக்-21 எண்ணிக்கை குறைந்தது, பராமரிப்பு மேம்பட்டது, சிமுலேட்டர் பயிற்சி கூடியது என எல்லாம் சேர்ந்தே இந்த எண்ணைக் கீழே கொண்டுவந்தன.

ஆனால், அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. 2017 முதல் 2022 வரை நடந்த 34 விபத்துகளில், 19 விபத்துகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது விமானிகள் தரப்பு மனிதத் தவறு. இயந்திரங்கள் எவ்வளவு மாறினாலும், பயிற்சியின் தேவை குறையவே இல்லை என்பதைத்தான் இது சொல்கிறது.

மறுபடியும் அதே கேள்வி!

66-ல் தொடங்கிய ஹாக், 2010-ல் கொடுக்கப்பட்ட 57 விமானங்களுக்கான இரண்டாவது ஆர்டரோடு 123 ஆனது. அதில் 17 கடற்படைக்கு. இன்று அவற்றில் மூத்த விமானங்களுக்கு வயது 17-ஐத் தாண்டிவிட்டது. விமானிகள் போகப்போகும் போர் விமானங்களோ ரஃபேல், தேஜஸ் என்று எங்கேயோ போய்விட்டன.

உலகம் அடுத்த தலைமுறை வாத்தியார்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. தென் கொரியாவின் டி-50, இத்தாலியின் எம்-346, ரஷ்யாவின் யாக்-130 எனப் பட்டியல் நீள்கிறது. 1961 முதல் ஒரே டி-38 விமானத்தில் பயிற்சி கொடுத்துவந்த அமெரிக்கா, போயிங்கின் டி-7-க்கு மாறுகிறது. ஹாக்கைப் பெற்ற பிரிட்டனுக்கே சிக்கல். இன்ஜின் பிரச்னையால் பயிற்சி தாமதமாகி, அங்கே இளம் விமானிகள் வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. சிலரை இத்தாலிக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

நம் ஹெச்.ஏ.எல். 2023 பெங்களூரு விமானக் கண்காட்சியில் 'ஹெச்.எல்.எஃப்.டி-42' என்ற புதிய பயிற்சி விமானத்தின் மாதிரியை வைத்தது. அது மாதிரிதான். காகிதத்திலிருந்து ஓடுபாதைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பதே இப்போதைய கேள்வி. 'வேண்டும்' என்று சொன்ன பிறகு 26 வருடம் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் ஒரு பைலட்!

மெரினாவில் விரல் நீட்டிய குழந்தைகளில் யாராவது ஒருவர், "நானும் ஓட்டணும்" என்று வீட்டில் சொல்லியிருந்தால், பெற்றோருக்காகச் சில தகவல்கள்.

பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள். 2022 முதல் பெண்களும் சேர்க்கப்படுகிறார்கள். பட்டதாரிகளுக்கு 'ஆஃப்காட்' தேர்வு உண்டு. விமானிப் பிரிவுக்கு வயது 20 முதல் 24.

எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு தாண்டி, கணினி வழியாக நடக்கும் விமானித் தகுதித் தேர்வு ஒன்று இருக்கிறது. கண், கை, மூளை மூன்றும் சேர்ந்து எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று பார்ப்பார்கள். இதில் தவறினால், விமானி ஆக இரண்டாவது வாய்ப்பே கிடையாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அதனால் முதல் நாள் இரவு கண்விழித்துப் படிக்காமல், நன்றாகத் தூங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள்!

உடல் அளவுகளும் உண்டு. கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டர். உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 சென்டிமீட்டர். 'இதெல்லாம் எதற்கு' என்று தோன்றலாம். காக்பிட்டில் எல்லாக் கருவிகளையும் கை, கால் எட்ட வேண்டும். சீட்டோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் எங்கேயும் இடிக்கக் கூடாது. ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஓர் உயிரைக் காக்கும் காரணம் இருக்கிறது.

பிள்ளை ஒரு நாள் யூனிஃபார்மில் வந்து நிற்கும்போது, எந்த அம்மாவின் மனதிலும் பெருமையோடு சேர்ந்து ஒரு பயமும் வரும். அந்தப் பயத்தை முழுதாகப் போக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. ஆனால், "உன் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சியைக் குறையில்லாமல் கொடுத்தோம்" என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். அடுத்த பயிற்சி விமானத்துக்கான ஃபைலைக் கையில் வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும், அவர்களிடம் நாம் கேட்பது அவ்வளவுதான்.